தலைகீழாகத் தூங்கிய தொந்தி மாமா

அந்த வீட்டில் அழுதால் தண்ணீர் கொடுப்பார்கள். சிரித்தாலும் தண்ணீர்தான். விக்கல் வந்தால் தண்ணீர், விருந்தாளி வந்தால் தண்ணீர், பரீட்சையில் மதிப்பெண் குறைந்தால் முதலில் தண்ணீர், அப்புறம்தான் திட்டு.

காரணம் எளிது. வீட்டின் கீழ்த்தளம் முழுவதும் தண்ணீர் கேன் கடை. அப்பா கேன்களைக் கழுவி நிரப்புவார். அம்மா அவற்றை மூன்று சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக ஓட்டிப் போவார். சித்தப்பா தோளில் கேனோடு மாடிப்படிகளில் ஏறி இறங்குவார்.

ஒருமுறை பேருந்து நிறுத்தம் எங்கே என்று கேட்க யாரோ ஒருவர் கடைக்குள் வந்தார். வாயைத் திறந்தார். அப்பா ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டிவிட்டார். குடித்து முடித்து மறுபடி வாயைத் திறந்தார். மறுபடி ஒரு டம்ளர். அவர் கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் பேருந்து போயே போய்விட்டது. பாவம், நடந்தே போனார். அவர் வயிற்றுக்குள் அலையடிக்கும் சத்தம் தெருமுனை வரை கேட்டது.

மதியம் ஆனதும் ஜன்னல் வழியாக வெயில் வரும். அடுக்கி வைத்த நீலக் கேன்களுக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வரும்போது அதுவும் நீலமாகிவிடும். கூரையில் மெல்ல நெளியும். கடை அப்படியே கடலுக்கு அடியில் போய்விட்ட மாதிரி இருக்கும். அந்த நேரத்தில் மேகம் தரையில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்ப்பாள்.

மேகம் என்பது அந்த வீட்டுப் பெண்ணின் பட்டப்பெயர். எப்போதும் எங்கேயோ மிதந்துகொண்டிருப்பாள் என்பதால் வந்த பெயர். ஒரு காலில் செருப்பும் மறுகாலில் ஷூவும் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போவாள். வேறு யாருடைய பையையோ தூக்கிக்கொண்டு திரும்பி வருவாள். ஒருநாள் பள்ளிக்குப் போகவே மறந்து, வாசலில் நின்று வானத்தில் பறந்த பட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டமே இறங்கி வந்து, "மணியாச்சு, கிளம்பு" என்று சொன்ன பிறகுதான் ஓடினாள்.

அதனால் அவளிடம் யாரும் எதையும் ஒப்படைப்பதில்லை. "ஐயோ, மேகத்துக்கிட்டயா கொடுத்தே?" என்பது அந்த வீட்டில் அடிக்கடி கேட்கும் கேள்வி.

ஒருநாள் மாடியில் குடியிருந்த நர்ஸ் அக்கா, இரண்டு கைகளாலும் ஒரு தொட்டியை அணைத்தபடி படியிறங்கி வந்தார். தொட்டியில் ஒரு செடி. செடி என்றால் சாதாரணச் செடி இல்லை. கீழே பெரிய தொப்பை. அந்தத் தொப்பையிலிருந்து குச்சி குச்சியாகச் சில கைகள். கைகளின் நுனியில் மட்டும் கொத்துக் கொத்தாய் இலைகள். சாப்பிட்டுவிட்டுச் சோம்பல் முறிக்கும் ஒரு பெரியவரைப் பச்சை பெயிண்ட்டில் முக்கி எடுத்தது போல இருந்தது.

"இது பாலைவன ரோஜா. பேரு தொந்தி மாமா," என்றார் அக்கா. "நர்ஸ் படிப்பு படிக்கும்போது ஹாஸ்டல் ஜன்னல்ல விதை போட்டு வளர்த்தேன். எத்தனையோ வீடு மாறிட்டேன், இவரை மட்டும் எங்கேயும் விட்டுட்டு வந்ததில்லை. இப்ப ஆஸ்பத்திரியில என்னை வேற ஊருக்கு ட்ரெயினிங் அனுப்புறாங்க. குளிர்காலம் முடிஞ்சுதான் வருவேன்."

அப்பா உடனே கையை நீட்டினார். "எங்ககிட்ட விட்டுட்டுப் போம்மா. வேளாவேளைக்குத் தண்ணி ஊத்திடுறோம்."

அக்கா தொட்டியைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார். "வேண்டாண்ணா! நான் மேகத்துக்கிட்ட கொடுக்கத்தான் வந்தேன்."

"மேகத்துக்கிட்டயா?" என்று அப்பா, அம்மா, சித்தப்பா மூன்று பேரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"ஆமாம். மறக்கத் தெரிஞ்ச ஆள்தான் இவருக்குச் சரி. இவரு தொப்பையிலயே தண்ணி இருக்கு. குளிர்காலத்துல இலையெல்லாம் கொட்டிட்டுத் தூங்கிடுவாரு. அப்ப ஒரு சொட்டுத் தண்ணிகூட ஊத்தக் கூடாது. ஊத்தினா தொப்பை அழுகிடும்."

பிறகு மேகத்தின் பக்கம் குனிந்தார். "நல்லா வெயில் படுற இடத்துல வை. அப்புறம் மறந்துடு. முடியுமா?"

தன் மறதியை ஒருவர் இப்படி வேலைக்கு எடுத்துக்கொள்வார் என்று மேகம் கனவில்கூட நினைத்ததில்லை. கனவில் அவள் நினைக்காத விஷயம் மிகக் குறைவு.

"முடியும்க்கா," என்றாள்.

"இன்னொண்ணு. கிள்ளினா பால் வரும். அது நல்லதில்லை. கையில பட்டா சோப்பு போட்டுக் கழுவிடணும்."

தொந்தி மாமா கடை ஜன்னலில் குடியேறினார். குளிர் வந்தது. சொன்னபடியே இலைகள் ஒவ்வொன்றாய் மஞ்சளாகி விழுந்தன. கடைசி இலை விழுந்த அன்று அவர் குறட்டை விட ஆரம்பித்தார். இதை நம்பாதவர்கள் அந்த ஜன்னலுக்கு மேலே குடியிருந்த பல்லியைக் கேட்டுக்கொள்ளலாம். சத்தம் தாங்காமல் அது பக்கத்து அறைக்கு மாறிப்போனது.

மேகம் ஜன்னலுக்குக் கீழே படுத்து அந்தக் குறட்டையைக் கேட்பாள். நீல வெளிச்சம் சுவரில் நெளியும். அதன் மேல் தொந்தி மாமாவின் நிழல் விழும். பார்த்துக்கொண்டே இருந்தால் அது ஒட்டகமாகும். ஒட்டகம் எழுந்து மெல்ல நடக்கும். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும். ஆனால் மேகம் கூப்பிட மாட்டாள். தூங்குகிறவரை எழுப்பக் கூடாதல்லவா?

ஒரு விடுமுறை நாளில் அப்படிப் படுத்திருந்தபோது, எறும்புக் கூட்டம் ஒன்று தொட்டியிலிருந்து இறங்கிப் போவதைப் பார்த்தாள். எல்லா எறும்புகளும் வாயில் முட்டையைக் கவ்விக்கொண்டிருந்தன. கடைசியாக வந்த வயதான எறும்பு மட்டும், தரைக்கு வந்ததும் நின்று கால்களை ஒவ்வொன்றாய் உதறிக் காயவைத்தது.

மேகம் எழுந்தாள். தொட்டி மண்ணைத் தொட்டாள். சேறு.

தொந்தி மாமாவின் தொப்பையைத் தொட்டாள். ஒரு பக்கம் கல் மாதிரி இருந்தது. மறுபக்கம், கனிந்த பழத்தில் விரல் பதிவதுபோல, 'புசுக்'கென்று உள்ளே போனது.

அவள் ஒரு சொட்டுக்கூட ஊற்றவில்லையே! தனக்கே தெரியாமல் ஊற்றியிருப்பாளோ? அவ்வளவு மறதியா? யோசித்துக்கொண்டே மறுபடி படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

காலடிச் சத்தம் கேட்டது. ஒரு கண்ணை மட்டும் கொஞ்சமாய்த் திறந்தாள்.

அப்பா செம்போடு பூனை நடையில் வந்தார். "ராசா, நாக்கு வறண்டிருக்கும். மெதுவாக் குடி. மேகத்துக்கிட்ட சொல்லிடாதே," என்று கிசுகிசுத்துவிட்டு ஊற்றினார். போய்விட்டார்.

சிறிது நேரத்தில் அம்மா வந்தார். வண்டிச் சாவியைக்கூட இன்னும் கையிலிருந்து வைக்கவில்லை. "ஊருக்கெல்லாம் தண்ணி கொடுக்கிறோம். நம்ம வீட்டுல ஒரு வாயில்லாத ஜீவன் காஞ்சு கிடக்கு," என்று ஒரு குவளை ஊற்றினார்.

அடுத்து சித்தப்பா. அவர் மெதுவாக நடந்தாலே தரை அதிரும். "மாமா, நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே உடம்பு. பசி, தாகம் எல்லாம் எனக்குத் தெரியும்," என்று தன் வயிற்றையும் தொட்டியையும் தட்டினார். ஒரு ஜக்கைக் கவிழ்த்தார்.

மேகம் எழுந்து உட்கார்ந்தாள். "சித்தப்பா!"

சித்தப்பா துள்ளிய துள்ளலில் கேன்கள் எல்லாம் ஒருமுறை எழுந்து உட்கார்ந்தன. சத்தம் கேட்டு அப்பாவும் அம்மாவும் ஓடி வந்தார்கள்.

"தினமும் ஊத்துறீங்களா?" என்று மேகம் கேட்டாள்.

"நான் மட்டும்தாம்மா. கொஞ்சூண்டு," என்றார் சித்தப்பா.

"என்னது, நீயுமா?" என்று கேட்டுவிட்டு அப்பா நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அப்ப நீங்களுமா?" என்ற அம்மா, சாவியைப் பார்ப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டார்.

மேகம் கத்த நினைத்தாள். ஆனால் அவர்கள் செடியிடம் பேசிய குரல் காதிலேயே இருந்தது. காய்ச்சல் வந்தால் அவளிடமும் அதே குரலில்தான் பேசுவார்கள். அந்தக் குரலைப் பார்த்து எப்படிக் கத்துவது?

"தொட்டுப் பாருங்க," என்று மட்டும் சொன்னாள்.

அப்பா தொட்டார். அவர் முகம் வாடிப்போனது. "அக்கா என்னை நம்பிக் கொடுத்துட்டுப் போனாங்கப்பா. என்னை நம்பி யாரும் எதையும் கொடுத்ததே இல்லை," என்றாள் மேகம். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அம்மா ஓடிப்போய் அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தார்.

அதைக் குடித்துக்கொண்டே மேகம் யோசித்தாள். சமையலறையில் ஒரு கூடை உருளைக்கிழங்கு இருந்தது. "அம்மா, உருளைக்கிழங்கு ஒரு பக்கம் அழுகினா என்ன பண்ணுவே?"

"அழுகினதை வெட்டிப் போட்டுட்டு நல்லதை எடுத்துக்குவேன்."

"இவரும் ஒரு பெரிய உருளைக்கிழங்குதானே?"

மூவரும் தொந்தி மாமாவைப் பார்த்தார்கள். மறுக்க முடியவில்லை.

சித்தப்பா செடியை மண்ணிலிருந்து மெல்லத் தூக்கினார். மேகம் எல்லோருடைய கைகளிலும் பிளாஸ்டிக் பையைக் கட்டினாள். அம்மா கத்தியை எடுத்தார்.

"இன்னும்மா. இன்னும் பழுப்பா இருக்கு. இன்னும் கொஞ்சம்."

"வலிக்குமேடி," என்றார் அம்மா.

"தூங்குறாரும்மா. தெரியாது."

கத்தி சீவிச் சீவிப் போனது. கடைசியில் உள்ளே பால்வெள்ளையாய், கெட்டியாய், நல்ல சதை தெரிந்தது. மேகம் பெருமூச்சு விட்டாள். தொந்தி மாமா ஒரு பக்கத் தொப்பையை இழந்து, பாதி கடித்த பழம்போல மேசையில் கிடந்தார்.

"இப்ப காயம் நல்லாக் காயணும்," என்று சொல்லிவிட்டு மேகம் கை கழுவப் போனாள்.

திரும்பி வந்தால், அப்பா ஒரு ஈரத் துணியோடு குனிந்து நிற்கிறார்! "சும்மா சுத்தி மட்டும் வைக்கிறேன் கண்ணு. வேரெல்லாம் வெளியே தெரியுது, பார்க்கவே பாவமா இருக்கு."

"அப்பா!"

"கைதாம்மா தானாப் போகுது." அப்பாவின் குரல் உண்மையாகவே தழுதழுத்தது.

மேகத்துக்குப் புரிந்தது. இவர்களிடம் ஊற்றாதே என்று சொல்வது, மழையைப் பார்த்து விழாதே என்று சொல்வது போல. வாய் சரி என்று சொல்லும். கை கேட்காது. கத்தி அவரைக் காப்பாற்றிவிட்டது. பாசத்திடமிருந்து யார் காப்பாற்றுவது?

அவள் கண்கள் கடையைச் சுற்றி மிதந்தன. சுவரோரம் இரும்புச் சட்டம். அதில் கழுவிய கேன்கள் தலைகீழாகக் கவிழ்ந்து நின்றன. அவற்றின் வாயிலிருந்து எப்போதாவது ஒரு சொட்டு விழுந்தது.

மேகம் ஒரு துணிக்கயிற்றை எடுத்தாள். தொந்தி மாமாவின் வேர்ப்பக்கத்தில் பதமாகக் கட்டினாள். நாற்காலியில் ஏறி, கேன்களுக்கு நடுவே, அதே சட்டத்தில், தலைகீழாகத் தொங்கவிட்டாள்.

அப்பாவின் கை துணியோடு அந்தரத்தில் நின்றது.

"அப்பா, கவிழ்த்து வெச்ச கேன்ல தண்ணி ஊத்தலாமா?"

"சேச்சே! என்ன பேச்சு இது?" அப்பா நிமிர்ந்தார். கடையில் வேறு எந்த விதி மீறப்பட்டாலும் மீறப்படும், அது மட்டும் மீறப்படாது. "உள்ளே ஈரம் இருக்கும்போது நிரப்பினா பாசி புடிச்சிடும். நல்லாக் காஞ்சு, நிமிர்த்தி வெச்சாத்தான் தண்ணி. அதுவரைக்கும் யாரும் கிட்டப் போகக் கூடாது."

சொல்லிவிட்டு, தொங்கும் செடியைப் பார்த்தார். கேன்களைப் பார்த்தார். கையிலிருந்த ஈரத் துணியைப் பார்த்தார். மெல்ல நகர்ந்துபோய், அந்தத் துணியால் மேசையைத் துடைக்க ஆரம்பித்தார்.

அன்று முதல் அந்தப் பக்கம் யாரும் செம்போடு போகவில்லை. சித்தப்பா மட்டும் ஒருமுறை ஜக்கோடு வந்தார். அண்ணாந்து பார்த்தார். "மன்னிச்சிடுங்க மாமா, கவிழ்ந்திருக்கீங்க," என்று திரும்பிப் போனார்.

கடைக்கு வந்தவர்கள் கேட்டார்கள். "என்னங்க இது, நடுவுல?"

"புது மாடல் கேன்," என்றார் சித்தப்பா முகத்தில் சிரிப்பே இல்லாமல். ஒருவர் வீட்டுக்கு ஒன்று அனுப்பச் சொல்லி முகவரி கூடக் கொடுத்தார்.

தொந்தி மாமா காற்றில் மெல்லச் சுழன்றுகொண்டே தூங்கினார். நீல வெளிச்சம் அவரைச் சுற்றி நெளிந்தது. கீழே படுத்துப் பார்த்த மேகத்துக்கு, அவர் கடலில் நீந்துவதுபோலத் தெரிந்தது. தலைகீழாய்த் தொங்குகிறவருக்கு எது வானம், எது மணல்? அவர் கனவில் ஒட்டகங்கள் வானத்தில் நடந்திருக்கும். நட்சத்திரங்கள் காலில் குத்தியிருக்கும். எதையும் கலைக்காமல் மேகமும் பக்கத்திலேயே தூங்கிப்போவாள். தூக்கத்தில் இருவரும் ஒரே மணல்மேட்டில் உட்கார்ந்திருப்பார்கள். ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

காயம் மெல்லக் காய்ந்தது. தக்கைபோலக் கெட்டியானது. மேகம் தட்டிப் பார்த்தாள். 'டொக்' என்றது.

தொட்டியில் பருமணலும் செங்கல் துண்டும் சரளைக்கல்லும் போட்டு அவரை மறுபடி நட்டாள். ஆனால் இப்போது அவர் நிமிர்ந்துவிட்டாரே! நிமிர்ந்து நிற்பதைப் பார்த்தால் மூன்று பேருடைய கைகளும் பரபரக்குமே!

மேகம் யோசித்து, ஒரு டம்ளரைத் தொட்டி மண்ணில் கவிழ்த்து வைத்தாள். "நான் நிமிர்த்துற வரைக்கும் இவர் கவிழ்ந்துதான் இருக்காரு," என்று அறிவித்தாள். மூன்று தலைகளும் ஆடின.

அப்புறம் அவள் டம்ளரை நிமிர்த்த மறந்துபோனாள். தொந்தி மாமாவுக்கு அதைவிடப் பெரிய உதவியை யாரும் செய்திருக்க முடியாது.

குளிர் போனது. வெயில் உறைக்க ஆரம்பித்தது. ஒரு காலையில் வாசலில் நர்ஸ் அக்காவின் பெட்டிச் சக்கரம் கடகடத்தது.

மேகம் எழுந்து நின்றாள். அக்கா "எப்படி இருக்கே?" என்று கேட்பதற்குள் கடகடவென்று கொட்டிவிட்டாள். "அக்கா, தொந்தி மாமா தொப்பை அழுகிடுச்சு. ஒரு பக்கம் வெட்டிட்டோம். தலைகீழாத் தொங்கவிட்டோம். நீங்க என்னை நம்பிக் கொடுத்தீங்க. நான் கவனிக்கவே இல்லை."

அக்கா பெட்டியை அப்படியே விட்டுவிட்டு ஜன்னலுக்குப் போனார். குனிந்தார். தழும்பில் விரலை வைத்துத் தடவினார். 

"ஆபரேஷன் பண்ணது யாரு?" என்று கேட்டார்.

அம்மா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"தண்ணி ஊத்தினது?"

அப்பாவும் சித்தப்பாவும் கூரையைப் பார்த்தார்கள். கூரையில் அன்று பார்க்க ஒன்றுமே இல்லை. பல்லிகூட இன்னும் திரும்பி வரவில்லை.

"தையலே போடாம எவ்வளவு அழகா ஆறியிருக்கு!" அக்கா நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்தார். "கவனிக்காமலா இவரைக் காப்பாத்தினே? இங்க வந்து பாரு."

மேகம் போய்ப் பார்த்தாள். குச்சிக் கைகளின் நுனியில், அரிசியளவு பச்சை. ஒன்றில்லை, எல்லாக் கைகளிலும். அவற்றுக்கு நடுவே ஓரிடத்தில், இளஞ்சிவப்பாய், ஒரு மொட்டு.

"முழிச்சிட்டாரு," என்று மேகம் கிசுகிசுத்தாள்.

"முழிச்சதும் தாகம் எடுக்கும். இப்ப ஊத்தலாம்," என்றார் அக்கா.

மேகம் டம்ளரை எடுத்து நிமிர்த்தினாள். கடையில் மூன்று பேர் மூச்சு விடுவதை நிறுத்தினார்கள். அவள் டம்ளரை அப்பாவிடம் நீட்டினாள்.

அப்பா அதைக் கழுவி, விளிம்பு வரை நிரப்பினார். சொட்டுக்கூடச் சிந்தாமல் நடந்து வந்தார். மெல்ல, மெல்ல, மண் குடிக்கக் குடிக்க ஊற்றினார். பாதி டம்ளர் காலியானது. அங்கேயே அவர் கை நின்றது.

யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அப்பா தொந்தி மாமாவின் மொட்டைப் பார்த்தார். டம்ளரில் மிச்சம் இருந்த தண்ணீரைப் பார்த்தார். அவர் மணிக்கட்டு ஒருமுறை துடித்தது.

பிறகு டம்ளரைத் தன் வாயில் கவிழ்த்துக் கடகடவென்று குடித்துவிட்டு, "எனக்குத்தான் தாகமா இருந்திருக்கு," என்றார்.